மைதானத்துப் புல்லில் கூட்டம் இறங்கும்போது: ஸ்டேடியம் ராக் கச்சேரிகளின் கணக்கு

2025 ஜனவரி 25, 26 தேதிகளில் அகமதாபாத் நரேந்திர மோடி கிரிக்கெட் மைதானத்தில் கோல்ட்பிளே ராக் குழு பாடியது. ஒவ்வொரு இரவும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். அதற்கு முந்தைய வாரம் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் மூன்று இரவுகள் நடந்தன. அதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ரசிகர்கள் கேட்கும் கேள்வி இது: நம்மூரில் ஏன் இப்படி ஒன்று நடப்பதில்லை? கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கால்பந்து ஆடி 2018-19 கோப்பையையே வென்றது. கேலரி இருக்கிறது, நடுவில் பரந்த இடம் இருக்கிறது. பிறகு என்ன தடை?

பணமும் ரசனையும் தடைகளில் பாதிதான். விளையாட்டு மைதானம் என்பது கூட்டம் சுற்றிலும் உட்கார, நடுவில் இருபத்திரண்டு பேர் ஆடுவதற்காகக் கட்டப்படுவது. ராக் கச்சேரியில் பல ஆயிரம் பேர் அந்த நடுப்புல்லிலேயே நிற்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்தால் வாசல், ஒலி, கேலரி, மண் எல்லாவற்றுக்கும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

புல் காலியாக இருந்த முதல் கச்சேரி

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியதைத்தான் ஸ்டேடியம் கச்சேரிகளின் தொடக்கமாகச் சொல்வார்கள். வந்தவர்கள் சுமார் 55,600 பேர். அத்தனை பேரும் கேலரியில். பேஸ்பால் ஆடும் தரையில் மேடையும் காவலர்களும் மட்டுமே. ஆகவே வெளியேறும் வழி விஷயத்தில் அது ஒரு பேஸ்பால் போட்டியைப் போலவே முடிந்தது.

தோற்றது ஒலிதான். அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்த 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள், அவற்றோடு ஆட்ட அறிவிப்புக்கான ஸ்டேடியம் ஒலிபெருக்கிகள், அவ்வளவுதான். ரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. சுமார் அரை மணி நேரத்தில் கச்சேரி முடிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29-ல் சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கோடு டிக்கெட் போட்டு மேடையேறுவதையே அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

எழுபதுகளில் புல்தரைக்கும் டிக்கெட் விற்கத் தொடங்கினார்கள். 1973 மே 5-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா ஸ்டேடியத்தில் லெட் ஸெப்பலின் குழு 56,800 பேரைக் கூட்டி ஷே கணக்கை முந்தியது. 1990-ல் ரியோவின் மரக்கானா கால்பந்து மைதானத்தில் பால் மெக்கார்ட்னிக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் 1,84,000 பேர். கேலரியை மட்டும் நம்பியிருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது. ஆபத்தும் அதே புல்லில்தான் வந்து சேர்ந்தது.

எத்தனை பேர் நிற்கலாம், எத்தனை நிமிடத்தில் வெளியேறலாம்

ஒரு மைதானத்தின் கொள்ளளவை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் பாதுகாப்பாக நிற்க இடம் உண்டு? குறித்த நேரத்துக்குள் எத்தனை பேர் வெளியே போக முடியும்? இரண்டில் எது சிறியதோ அதுதான் கொள்ளளவு. டிக்கெட் அச்சடிப்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

உலகம் முழுக்க எடுத்தாளப்படும் பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர். முழுக்கூட்டமும் 8 நிமிடத்துக்குள் நெரிசலற்ற இடத்துக்குச் சேர வேண்டும். இதை ஒரு கால்பந்துத் தரைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. தரை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பு 7,140 சதுர மீட்டர்.
2. மேடை, மேடைக்கு முன்னுள்ள காவலர் பாதை, ஒலி-ஒளி கட்டுப்பாட்டு மேடை, தொலைவில் நிற்பவருக்கான துணை ஒலிக் கோபுரங்கள், ஆம்புலன்ஸ் வழி ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். மிச்சம் சுமார் 4,800 சதுர மீட்டர்.
3. சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் 9,600 பேர்.
4. 9,600 பேர் 8 நிமிடத்தில் வெளியேற, தரையிலிருந்து நேராகத் திறக்கும் வழிகளின் மொத்த அகலம் சுமார் 14.6 மீட்டர் வேண்டும்.

ஆனால் ஆட்டக்காரர்களும் ஆம்புலன்ஸும் வர 3 மீட்டர் கதவு ஒன்று மட்டும் இருக்கும் மைதானத்தில் அந்த 9,600 பேர் வெளியேற ஏறக்குறைய 39 நிமிடம் ஆகும். கேலரிக்குப் பத்து வாசல் இருந்தாலும் புல்லில் நிற்பவருக்குப் பயனில்லை, ஏனென்றால் ஆட்டத்தின்போது ரசிகர்கள் உள்ளே குதிக்காதபடி கேலரிக்கும் தரைக்கும் நடுவே வேலி அடித்திருக்கிறார்கள். பழைய மைதானங்களில் கச்சேரிக்கு அனுமதி தருவதற்கு முன் முதலில் அளக்க வேண்டியது இந்தக் கதவைத்தான். 70 மீட்டர் ஆரமுள்ள கிரிக்கெட் தரையில் இதே கணக்கைப் போட்டால் சுமார் 21,000 பேர் நிற்கலாம். அவர்களுக்கு 32 மீட்டருக்குக் குறையாத வழி வேண்டும்.

ஒண்டிப்புதூரில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் அமைப்பதாக 2024-ல் அறிவிப்பு வந்தது. கச்சேரிக்கும் அதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், இந்த வழிகள் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கண்டெய்னர் லாரி மட்டுமே நாலேகால் மீட்டர் உயரம் வரும் என்பதால், தரைக்குள் செல்லும் சுரங்க வழிகளில் ஒன்றாவது 5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் இருப்பது அவசியம். கான்கிரீட் போட்டபின் இதைச் சேர்க்க முயன்றால் கேலரியின் ஒரு பகுதியையே இடிக்க வேண்டி வரும்.

நெரிசல் எப்படிக் கொல்கிறது

சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் கை வீசி ஆடலாம். 4 பேர் என்றால் திரும்பி நடப்பது கடினம். 6 பேரைத் தாண்டினால் கூட்டத்தில் எந்தத் தனி மனிதருக்கும் தன் கால்மேல் அதிகாரம் இல்லை. பின்னாலிருந்து வரும் தள்ளல் அலையாக ஓடி முன்வரிசையில் சேர்கிறது. மிதிபட்டு இறப்பவர்களைவிட, நின்ற நிலையிலேயே மார்புக்கூடு விரிய இடமின்றி மூச்சடைத்து இறப்பவர்கள் அதிகம். பின்னால் நிற்பவருக்கு இது தெரியாது. அவர் பாட்டுக்கு ஓரடி முன்னே வைப்பார்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 உயிர்கள் போயின. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கச்சேரியோ அரசியல் கூட்டமோ கோயில் நோன்பியோ, நெரிசலின் விதி ஒன்றுதான். கொங்குப் பகுதியில் பெருங்கூட்டம் கூட்ட நினைப்பவர் எவரும் அந்த எண்ணை மனத்தில் வைத்துத்தான் இனி வரைபடம் போட வேண்டும்.

இதற்கு முந்தைய சம்பவங்கள் கற்றுத் தந்தவை:

1. வாசலுக்கு வெளியே. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி உள்ளரங்கில் தி ஹூ குழுவின் கச்சேரி. இருக்கை எண் இல்லாத டிக்கெட், திறந்த கதவுகள் மிகச் சில. உள்ளே ஒலிச் சோதனை கேட்டதும் பாட்டு தொடங்கிவிட்டதென்று கூட்டம் முட்டியது. 11 பேர் இறந்தார்கள், அனைவரும் அரங்குக்கு வெளியே. 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்த 11 பேர் இறந்ததும் அப்படித்தான். டிக்கெட் சோதனையைச் சாலையோரத்தில் வைக்காமல், வாசலுக்கு நூறு மீட்டர் முன்பே வளைந்து வளைந்து செல்லும் வரிசைகளில் வைப்பது இதனால்தான்.

2. முன்வரிசை. 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் குழு பாடியபோது மழைச் சேற்றில் முன்னே நின்றவர்கள் விழுந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். கூட்டத்தைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்கும் இரண்டாம் தடுப்பு அதன்பின் பரவலானது. பின்னாலிருந்து வரும் தள்ளல் அந்தத் தடுப்போடு நின்றுவிடும்.

3. தடுப்பு. மேடைக்கு முன்னால் வைக்கும் அலுமினியத் தடுப்பின் அடிப்பலகை கூட்டத்தின் பக்கம் நீண்டிருக்கும். முன்வரிசையில் இருப்பவர் அதன்மேல்தான் நிற்பார். அவர் எடையே தடுப்பைச் சாயாமல் பிடிக்கிறது. நம் பக்கத்தில் வழக்கமான சவுக்குக் கட்டைத் தடுப்பு அழுத்தத்தில் முறிந்து, கூர்முனையோடு கூட்டத்துக்குள் விழும். 2011 அக்டோபர் 28-ல் குர்கானில் மெட்டாலிகா கச்சேரி தொடங்கும் முன்பே தடுப்பு சரிந்தது. நிகழ்ச்சி ரத்தானது, ஆத்திரத்தில் கூட்டம் மேடையை உடைத்தது. இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பாடிவிட்டுப் போனது.

கச்சேரி முடிந்தபின் கூட்டம் எங்கே போகும் என்பதும் இதே கணக்கில் சேரும். திருப்பூர், ஈரோடு, சேலம் போகிறவர்கள் காந்திபுரத்துக்கும், கிழக்கே தெற்கே போகிறவர்கள் சிங்காநல்லூருக்கும், பொள்ளாச்சிக்காரர்கள் உக்கடத்துக்கும் இரவு 10 மணிக்கு ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். சிறப்புப் பேருந்துகளை மைதான வாசலில் நிறுத்தினால் மறுபடி நெரிசல். அரை கிலோமீட்டர் நடக்கவைத்து ஏற்றினால் கூட்டம் தானாகவே நீண்டு மெலிந்துவிடும்.

ஒலி: இரட்டைக் குரலும் அக்கம்பக்கத்து வீடுகளும்

மாரியம்மன் நோன்பிக்குத் தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது இரண்டு குழாய்க்கு நடுவே நின்றால் பாட்டு இரட்டையாகக் கேட்கும். மைதானத்திலும் சிக்கல் அதேதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 70 மீட்டரில் ஒரு துணை ஒலிக் கோபுரம் வைத்தால், மின்கம்பி வழியே அங்கே பாட்டு உடனே வந்துவிடும். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியோ 200 மில்லி விநாடி பிந்தி வரும். எனவே கோபுரத்து ஒலியை 200 மில்லி விநாடி நிறுத்தி வைத்து, மேலும் 10 முதல் 15 மில்லி விநாடி சேர்த்து விடுகிறார்கள். முதலில் வந்த ஒலி எந்தத் திசையோ அதையே காது நம்பும் என்பதால், பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். மதியம் 36 டிகிரியில் அளந்த தாமதம் இரவு 24 டிகிரியில் சுமார் 4 மில்லி விநாடி மாறிவிடும். கோபுரங்கள் இன்னும் தள்ளி இருந்தால் மாற்றம் இன்னும் கூடும். அதனால் கூட்டம் வந்தபின் ஒருமுறை திருத்துகிறார்கள்.

மேடையின் இருபுறமும் வாழைத்தார் போல வளைந்து தொங்கும் பெட்டி வரிசைக்கு லைன் அரே என்று பெயர். பிரான்சின் கிறிஸ்டியன் ஹைல் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வடிவமைப்புக்குப் பின் பரவியது. சாதாரணப் பெட்டியின் ஒலி தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். இந்த வரிசையில் குறிப்பிட்ட தூரம் வரை சுமார் 3 டெசிபல்தான் குறையும். முன்வரிசையின் காதைக் கிழிக்காமல் கடைசி வரிசைக்கும் சேர்ப்பது இதனால் முடிகிறது.

வெளியே இருப்பவர்களின் நிலை வேறு. மேடையிலிருந்து 40 மீட்டரில் 98 டெசிபல் என்று வையுங்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் கணக்கில், 640 மீட்டரில் 74 டெசிபல் மிஞ்சும். கேலரியும் கட்டடங்களும் கொஞ்சம் தடுக்கும். பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி அவற்றையும் சுற்றி வரும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. ஒலிபெருக்கி வைத்த இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் அதிகம் அல்லது 75 டெசிபல், இவற்றில் குறைந்ததைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம்.

நேரு ஸ்டேடியம் நகரின் நடுவில், வ.உ.சி. பூங்காவை ஒட்டி இருக்கிறது. அங்கே முழு ராக் ஒலியை விதிக்குள் அடக்குவது மிகக் கடினம். ஸ்பீக்கரை வீடுகள் குறைந்த பக்கம் திருப்புவதும், பின்புற ஒலியைத் தானே அழிக்கும்படி சப்வூஃபர்களை (பாஸ் ஒலிப் பெட்டிகளை) அடுக்குவதும் சில டெசிபல் மிச்சப்படுத்தும். இங்கே தேவைப்படும் இருபது டெசிபலைக் குறைக்காது.

கேலரி குலுங்கினால்

1985 ஜூன் 8, 9 தேதிகளில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர உல்லெவி மைதானத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். ரசிகர்கள் தாளத்தோடு குதித்தார்கள். மைதானத்தின் அடியில் களிமண். தாளமும் மண்ணின் அதிர்வும் ஒத்துப்போய், கட்டடமே சேதமடைந்தது. பெரும் செலவில் அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 120 முதல் 150 தட்டு என்றால் விநாடிக்கு 2 முதல் 2.5 தடவை. தூணில்லாமல் முன்னே நீண்டிருக்கும் மேல் கேலரியின் இயல்பு அதிர்வு, அதாவது அசைத்து விட்டால் விநாடிக்கு அது தானாக ஆடும் தடவை, அதற்கோ அதன் இரண்டு மடங்குக்கோ அருகில் வந்தால் ஆட்டம் பெருகும். விநாடிக்கு 6-க்கு மேல் இருந்தால் கவலை குறைவு. கொங்கு மண்ணில் பல இடங்களில் அதிக ஆழமின்றிப் பாறை கிடைப்பதால் அடித்தளத்தைவிட மேல் கேலரிதான் சோதிக்க வேண்டிய பகுதி. கிரிக்கெட் கூட்டம் குதித்துத் தாங்கிய கேலரி கச்சேரியையும் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை. சிக்ஸருக்கு ஆளாளுக்கு ஒரு நேரத்தில் குதிப்பார்கள். பாட்டுக்கு எல்லோரும் ஒரே நொடியில்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று

மற்ற ஊர்களின் திட்டத்தை அப்படியே கோவைக்குக் கொண்டுவர முடியாததற்கு முக்கியக் காரணம் இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாய் வழியே நெருக்கப்பட்டு வேகமாக வருகிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல் இங்கே மேடைக் கட்டுமானத்துக்கான எச்சரிக்கை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஒரு எல்இடி திரையின்மேல் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சுமார் 370 கிலோ தள்ளும். 72 கிலோமீட்டர் ஆனால் ஏறக்குறைய ஒன்றரை டன். அந்தத் தள்ளலை 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளால் தாங்க நினைத்தால், ஒரு டன் தொட்டி ஒரு டன்னைத் தாங்காது. தரையோடு உள்ள உராய்வு மட்டுமே அதை நகராமல் பிடிக்கிறது. அது எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஈரப் புல்லில் இன்னும் குறைவு. ஒன்றரை டன் தள்ளலுக்குப் பாதுகாப்பு விகிதமும் சேர்த்து ஏழெட்டுத் தொட்டி வேண்டும். திரை கவிழாமல் இருக்கத் தனிக் கணக்கு. 2011 ஆகஸ்ட் 13-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். இழுகம்பிகளைக் கட்டியிருந்த கான்கிரீட் தடுப்புகள் புயற்காற்றில் இழுபட்டு நகர்ந்தன. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதிலும் தெளிவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது.

ஆகவே எழுத்தில் இருக்க வேண்டியவை:

1. காற்றுமானி கூரையின் உச்சியில். தரையில் வைத்தால் குறைவாகக் காட்டும்.
2. மூன்று வேகங்கள்: எப்போது கவனிப்பது, எப்போது திரையையும் பக்கத் துணிகளையும் ஸ்பீக்கர்களையும் இறக்குவது, எப்போது பாட்டை நிறுத்தி மேடையடியைக் காலி செய்வது. மேடை வடிவமைத்த பொறியாளர் இவற்றைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.
3. நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம். அவர் பாடகரின் மேலாளராகவோ டிக்கெட் விற்றவராகவோ இருக்கக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஏப்ரல்-மேயில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று. பொதுத்தேர்வுக் காலத்தையும் கழித்தால் கோவைக்குப் பொருத்தமானது ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதம்.

மண்ணும் புல்லும்

2009 முதல் 2011 வரை யு2 குழு சுமார் 50 மீட்டர் உயரமுள்ள நான்கு கால் இரும்பு மேடையை மைதானம் மைதானமாகக் கொண்டுபோனது. ஒன்றைக் கட்டி முடிக்கவே பல நாள் ஆகும் என்பதால் மூன்று மேடைகளை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும், கிரேனும் லாரியும் புல்லில் ஏறத்தான் வேண்டும். அவற்றுக்கு அலுமினியத் தகட்டுப் பாதை, கிரேன் கால்களுக்கடியில் அகன்ற தாங்கு பலகை. கரிசல் மண் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். நனைந்த கரிசலில் சக்கரம் அச்சுவரை இறங்கும். கிரிக்கெட் பிட்ச்மேல் எதுவும் ஏறக் கூடாது, வேலி கட்டிவிட வேண்டும். ஓடுதளம் இருந்தால் டீசல் ஒழுகினாலே ரப்பர் கரைந்துபோகும். ஜெனரேட்டர்களை வெளியிலேயே நிறுத்திக் கேபிள் இழுப்பது நல்லது.

கூட்டம் நிற்கும் இடத்தில் துளையுள்ள வெண் பிளாஸ்டிக் பலகைகளை விரிப்பார்கள். வெளிச்சமும் காற்றும் கொஞ்சம் இறங்கும். குளிர் நாடுகளில் நாலைந்து நாள் மூடி வைத்தும் புல் பிழைக்கிறது. நம் வெயிலில் அடியில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. மைதானங்களில் நடும் பெர்முடா புல் நம் வயல் வரப்பு அருகம்புல்லின் இனம். தரையில் ஓடும் தண்டு உயிரோடு இருந்தால் மறுபடி படரும்.

கடைசி லாரி வெளியேறியதும் செய்ய வேண்டியவை வரிசையாக: பலகைகளை இரவோடு இரவாக எடுப்பது, காந்தக் கட்டையை உருட்டி ஆணி, போல்ட், கம்பித் துண்டுகளைப் பொறுக்குவது, விடியுமுன் தண்ணீர் விடுவது, இறுகிய மண்ணில் குத்துக்கம்பி உருளையால் துளையிட்டு மணல் தூவுவது. புல் மட்டும் மஞ்சளித்திருந்தால் இரண்டு மூன்று வாரம் போதும். சக்கரத் தடம் பதிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். அந்தச் செலவையும், அதுவரை ஆட்டம் இல்லாத நாட்களின் இழப்பையும் மைதான வாடகை ஒப்பந்தத்திலேயே முன்பணமாக வாங்கி வைக்க வேண்டும்.